துரையைப் புரட்டிப் படுக்கவைத்த கைகள்

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, என் பெயர் எஸ்தர். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை. என் வீட்டுக்காரர் துரை அரிசிக் கிட்டங்கியில் மூட்டை இறக்குகிறவர். போன மழைக்காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும், அது எலும்புவரை போனால் உயிருக்கே ஆபத்து. நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவர் நல்ல கனமான ஆள். நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன்.

விடியுமுன் வேனில் மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். கூட வேலை பார்த்தவர்கள் தன்னை இப்படிப் பார்க்கக் கூடாது என்று அவர் அழுதார். "நான் ஊர்லயே இருக்கேன்னு சொல்லிரு" என்றார். ஊருக்குப் போன தமிழர்கள் ஒரு மாதம், இரண்டு மாதம் தங்குவது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. சபையிலும் அதையே சொன்னேன். ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

படுக்கையில் கிடப்பவர்களை வீடுவீடாகப் போய்க் கவனிக்கிற வாலண்டியர் சுமதி சேச்சியும் ஒருநாள் நோட்டோடு வந்து கேட்டார். "இங்க யாருமில்ல சேச்சி" என்றேன். உள்ளே என் வீட்டுக்காரர் இருமினார். டிவி என்றேன்.

மூன்றாம் வாரம் புண் வந்தது. முதலில் காசளவு, பிறகு உள்ளங்கையளவு. ராத்திரியும் பகலும் முழங்காலில் நின்று ஜெபித்தேன். பதில் இல்லை. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவரைப் புரட்டும்போது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து சிக்கிக்கொண்டார். இழுத்துப் பார்த்தேன். அசைக்க முடியவில்லை. அவருக்கு மூச்சு இரைத்தது. அப்படியே முழங்காலில் விழுந்து, "ஆண்டவரே, ஒரு ஆளை அனுப்பும்" என்று கதறினேன். கண்ணைத் திறந்தால் எதிரே கதவு. மேலேயும் கீழேயும் தாழ்ப்பாள். இரண்டையும் போட்டவள் நான்தான். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடினேன். தெருமுனையில் நாலு பேர் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அவரோடு வேலை பார்க்கிறவர்கள். மூத்தவரான அசீஸ் இக்கா என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்தார்.

"துரை ஊருக்குப் போயின்னு பறஞ்ஞதல்லே மோளே?"

"பொய் சொல்லிட்டேன் இக்கா. வந்து தூக்குங்க."

நாலு பேரும் என் பின்னாலேயே ஓடிவந்தார்கள். ஒரு சாக்கை ஓரம் பிரித்து விரித்து, அவருக்கு அடியில் நுழைத்து, ஆளுக்கொரு மூலை பிடித்து ஒரே மூச்சில் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அசீஸ் இக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தடவினார்.

"எடா துரை, எத்தனை மூட்டை நம்ம சேர்ந்து எடுத்திருக்கு. உன்னைத் தூக்க ஞங்ஙள் இல்லே?"

அன்று சாயங்காலமே முறை போட்டுவிட்டார்கள். வேலைக்கு முன்னால் இரண்டு பேர், சாயா நேரத்தில் இரண்டு பேர், மதியம், கிட்டங்கி மூடிய பிறகு என்று மாறி மாறி வந்தார்கள். ராத்திரிக்குப் பக்கத்து வீட்டு அக்காவும் நானும். சாக்கைப் பிடித்துப் புரட்டுகிற விதத்தை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். விஷயம் கேள்விப்பட்டுச் சுமதி சேச்சி தண்ணீர் மெத்தையோடு வந்தார். வாசலில் நின்று, "டிவிக்கு இப்போ எப்படி உண்டு?" என்று கேட்டார். வெட்கத்தில் செத்துப்போனேன். அவரோ சிரித்துக்கொண்டே உள்ளே வந்து புண்ணுக்குக் கட்டுப்போடச் சொல்லிக்கொடுத்தார்.

நாலு மாதத்தில் புண் முழுதும் ஆறிவிட்டது. ஸ்தோத்திரம். அவர் எழுந்து நடக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பட்டது போதும். இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் சேச்சியோடு பள்ளுருத்திப் பக்கம் போகிறேன். அங்கே வாடகை அறைகளில் நம் தமிழர்கள் என்னைப்போலவே வாயைத் திறக்காமல் கிடக்கிறார்கள். தூக்க ஆள் வேண்டுமென்றால் சேச்சி நேரே அசீஸ் இக்காவுக்குத்தான் போன் செய்கிறார். அவர்களும் போகிறார்கள்.

என் வீட்டுக்காரர் முன்பெல்லாம் ஜெபிக்க மாட்டார். நான் ஜெபித்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். போன வாரம் சாப்பாட்டுக்கு முன்னால் அவராகவே கண்ணை மூடினார். குழறிய நாக்கோடு "அசீஸ், சசி, ஜோசப், நௌஷாத்" என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. "ஆமென்" என்று முடித்தார். நானும் ஆமென் சொன்னேன். சாப்பிட முடியாமல் அழுதேன்.

இதைக் கேட்கிற உங்களில் யாராவது வீட்டுக்குள்ளேயே ஒருவரை ஒளித்துவைத்து அழுதுகொண்டிருக்கலாம். நம் ஆண்டவர் கேட்கிறவர், நம்புங்கள். ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுங்கள்.