மனப்பாடம் செய்த ஊர்

இது நடந்தது. நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்குக் கோபமில்லை. பேரின்பநாயகம் பொய்யே சொல்லாத உத்தமர் என்று நான் வாதாட வரவில்லை. ஒரு பெரிய பொய்யைச் சொல்லித்தான் அவர் கனடாவுக்கே வந்து சேர்ந்தார். ஆனால் இதை எனக்குச் சொல்லி முடித்ததும் அந்த மனிதர் எழுந்து போய்க் கதவைப் பூட்டினாரே, அது பொய் இல்லை.

1986ஆம் ஆண்டு. மனைவி றோசலினையும் மூன்று வயது மகள் கிளியையும் மட்டக்களப்பில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டவர் பேரின்பம். அகதி விசாரணையில் வென்றால் இருவரையும் கூப்பிடலாம். தோற்றால் என்ன என்று அவர் யோசிப்பதே இல்லை.

லண்டனில் அவரை விமானம் ஏற்றிவிட்டவர், காசு வாங்கி ஆட்களைக் களவாக அனுப்பும் அருளம்பலம் என்ற ஏஜென்சிக்காரர். அவர் கொடுத்தது விமலநாதன் என்ற மாணவனின் பாஸ்போர்ட். முகம் ஏறக்குறைய ஒன்றுதான். விமலநாதன் வேல்ஸ் நாட்டில் அபெரிஸ்ட்வித் என்ற பழைய கடற்கரை ஊரில், பல்கலைக்கழகத்தில் படித்தவன். அதிகாரிகள் கேட்டால் தடுமாறக் கூடாது என்று, சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் திணித்து உருப்போட வைத்தார் அருளம்பலம்.

கடலுக்குள் நீளும் பாலம். அலை ஓரத்தில் இடிந்த கோட்டை. மலைச் சரிவில் ஏறி இறங்கும் குட்டி ரயில். மலை உச்சியில் ஓர் இருட்டறை. அதன் கூரையில் பதித்த கண்ணாடி வழியாகக் கீழே இருக்கும் ஊர் அப்படியே ஒரு வெள்ளை வட்ட மேசையில் வந்து விழும். ஆட்கள் நடப்பதுகூடத் தெரியும். பிறகு அந்த ஊர் வழக்கம் ஒன்று. கடற்கரை வீதியில் உலாவப் போகிறவர்கள், வீதி முடியும் இடத்தில் உள்ள இரும்புக் கம்பியைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

லண்டன் விமான நிலையத்தில் அதிகாரி கேட்டான். பேரின்பம் மளமளவென்று ஒப்புவித்தார். கம்பியை உதைக்கிற கதைக்கு அதிகாரி சிரித்தே விட்டான். கனடாவில் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கியதும் சொந்தப் பெயரைச் சொல்லி, அகதி என்று கையைத் தூக்கினார். விமலநாதன் கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். அவருடைய நினைப்பு அப்படி.

லாசால் என்ற புறநகரில், திருகோணமலைப் பெடியன் மரியதாசனோடு ஓர் அறை. ஆடி மாதம். வியர்த்து ஊற்றும் வெயில். அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாய்களை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. ஒரு நாள் பின்னேரம் நாலேகாலுக்கு அந்தக் குழாயில் ஒரு சத்தம்.

டங்.

ஒரே ஒரு தடவை. சப்பாத்துக் காலால் யாரோ உதைத்தது போல.

மறுநாளும் நாலேகால். டங்.

"சூடே இல்ல. இது ஏன் சத்தம் போடுது?"

"என்ன சத்தம் அண்ணை? எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றான் மரியதாசன்.

இன்னொரு நாள் சாப்பிடும்போது பேரின்பம், மனப்பாடம் செய்த அந்த வேல்ஸ் ஊரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பாலத்துக்குக் கீழ, பொழுது படக்குள்ள ஆயிரக்கணக்கில குருவி வந்து அடையும். அந்த இரைச்சலில கடல் சத்தமே கேளாது."

"அதுவும் புத்தகத்திலை கிடந்ததோ?"

பேரின்பத்தின் கை பாதியில் நின்றது. இல்லை. புத்தகத்தில் குருவி பற்றி ஒரு வரியும் இல்லை.

விசாரணைக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தை அவர் பெட்டியைவிட்டு எடுத்ததே இல்லை. அந்த வியாழக்கிழமை காலையில்தான் திறந்தார். வலது சப்பாத்தின் நுனி நசுங்கிக் கிடந்தது. தோலில் துரு.

"நீயா போட்ட?" என்று மரியதாசன் மீது பாய்ந்தார்.

"உது என்ரை காலுக்குக் கொள்ளவே கொள்ளாது அண்ணை."

விசாரணை அறையில் அதிகாரிக்குக் கடுகடுத்த முகம். இன்னொருவன் வந்துவிட்டான் பொய் சொல்ல, என்கிற பார்வை. மொழிபெயர்ப்பாளர் நடராசா, யாழ்ப்பாணத்துக்காரர், அதற்கு மேல். வாசலிலேயே எரிந்து விழுந்தார். "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். உம்மடை ஊர்ப் புராணம் ஒருத்தருக்கும் வேண்டாம்."

பெயர் கேட்டார்கள். சொன்னார். ஊர் கேட்டார்கள். மட்டக்களப்பு என்றார்.

"மனைவி, பிள்ளையள்?"

அதிகாரியின் முன்னால் ஒரு வெள்ளைத் தாள் கிடந்தது. எழுத்தில்லாத தாள். அதில் ஏதோ அசைந்தது...

கடல். நுரை. நீளமான ஒரு வீதி. எல்லாம் சின்னதாக.

வீதியின் முடிவில் ஒருவன்... எறும்பளவு.

அவன் தலையை நிமிர்த்தினான்.

மேலே பார்த்தான்.

பாஸ்போர்ட்டில் இருந்த முகம்...

பேரின்பத்தின் வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை.

"மனைவி இல்லை. பிள்ளை இல்லை. நான் தனி ஆள்."

நடராசா மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டான். இல்லை, எனக்கு றோசலின் இருக்கிறாள் என்று கத்தப் பார்த்தார் பேரின்பம். தொண்டை முழுக்க உப்புத் தண்ணீர். இருமல்தான் வந்தது.

"முடிஞ்சுது. எழும்பும்" என்றார் நடராசா.

அன்று பின்னேரமே லண்டனுக்கு அழைத்தார்.

"அந்தப் பெடியன் விமலநாதன் எங்க?"

"இப்ப என்னத்துக்கு அது? நீர் போய்ச் சேந்திட்டீர்தானே" என்று சீறினார் அருளம்பலம்.

"எங்க எண்டு சொல்லுங்க."



"தை மாசம் கடல் கொண்டு போச்சுது. உந்தக் கம்பியடியிலை நிண்டவனாம். பிரேதம் கிடைக்கேல்லை."

செத்தவனின் பெயரைச் சொல்லிக்கொண்டு, செத்தவனின் ஊரில் வாயால் நடந்திருக்கிறார். றோசலினின் குரலை உடனே கேட்க வேண்டும் போல இருந்தது.

மட்டக்களப்பில் பங்குச் சாமியாரின் வீட்டில் மட்டும்தான் தொலைபேசி. லைன் கிடைக்க ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. மாமியார் அல்போன்சம்மா வந்து பேசினார்.

"றோசலினைக் கூப்பிடுங்க மாமி. நான் ஒரு பிழை விட்டுத்தன்..."



"என்ன மருமகன், பகிடியா? வியாழக்கிழமை நீங்கதானே வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனீங்க."

"நான்... கனடாவில இரிக்கன் மாமி."

"கிளிதான் கிட்ட வர மாட்டன் எண்டு கத்தினாள். நீங்க தூக்கினதும் அடங்கித்தாள். மழையும் இல்ல, உங்கட உடுப்பெல்லாம் ஈரம்..."

பிறகு, மிக மெதுவாக,

"அப்ப வந்தது ஆரு?"

றோசலினும் கிளியும் இன்றுவரை கிடைக்கவில்லை. பேரின்பத்துக்கு இரண்டு வருடத்தில் அனுமதி கிடைத்தது. தனி ஆள் என்றுதான் பதிந்திருந்தார்கள். அதைத் திருத்த வேண்டிய தேவை அவருக்கு வரவேயில்லை.