இடது இடுப்பும் என் கையொப்பமும்

விழுந்தது என் சொந்த வீட்டுப் பின்படியில். அதனால் யார் மேலும் புகார் எழுத வழியில்லை. இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரே எடுக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

தொடை எலும்பின் கழுத்து (இடுப்புக் கிண்ணத்தில் பொருந்தும் பந்துக்குக் கீழுள்ள ஒடுங்கிய பகுதி) முறிந்திருப்பதாக மாவட்ட மருத்துவமனையில் சொன்னார்கள். பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும். அறுவைக்கு மறுநாளே எழுந்து நிற்க வேண்டும் என்றார் எலும்பு மருத்துவர். இரண்டாவது பாதிதான் என் காதில் நின்றது. உத்திரமேரூரில் எங்கள் தெருவில் இடுப்பு முறிந்த இருவர் வலிக்குப் பயந்து எழாமலே கிடந்தார்கள். ஒருவர் முதுகுப்புண்ணோடு போனார், மற்றவர் நெஞ்சில் சளி கட்டிப் போனார். அந்தப் பட்டியலில் மூன்றாவதாகச் சேர எனக்கு விருப்பமில்லை.

மயக்க மருத்துவர் இளம்பெண். அறுவை முடிந்ததும் நரம்புத் தடுப்பு (வலியைக் கடத்தும் நரம்பின் அருகே மருந்து செலுத்தி அந்தப் பகுதியை மட்டும் மரக்கச் செய்வது) தரலாம் என்று தெளிவாக விளக்கினார். பிறகு ஒப்புதல் படிவத்தை நீட்டினார். என்னிடம் அல்ல, என் தம்பி ஏழுமலையிடம்.

இங்கே அது வழக்கம். பெண் படுத்திருந்தால் அவளுக்காகப் பேச ஓர் ஆண் முளைத்துவிடுவார். வட்டாட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஊரார் கையொப்பங்களையெல்லாம் சரிபார்த்தவள். ஏழுமலை நிதானமாகப் படித்து அறுவைக்கு ஒப்பமிட்டான். நரம்புத் தடுப்பு என்ற வரியைப் பேனாவால் அடித்தான்.

“இன்னாடா அடிக்கிற?”

“அது வேணாங்க்கா. மரத்துப்போன காலு அப்டியே நின்னுடுமாம். டீக்கடைல சொன்னாங்க. பொறுத்துக்கினா ரெண்டு நாள்ல சரியாப்பூடும்.”

“பொறுத்துக்கப் போறது நீயா, டீக்கடைக்காரனா? ஒடைஞ்சது காலு. கையி நல்லாத்தான் கீது. ஃபாரத்தக் குடு.”

சுயநினைவுள்ள நோயாளி தானே ஒப்பமிட வேண்டும். உறவினர் ஒப்பம் அதற்கு ஈடாகாது. இதைச் சொன்னதும் மருத்துவர் சற்றுக் கூச்சத்தோடு படிவம் செருகிய அட்டையை என் மார்பின் மேல் வைத்தார். அடித்த வரியை முழுதாகத் திரும்ப எழுதி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் நேரமும் போட்டேன். மல்லாந்து எழுதினால் பேனாவில் மை இறங்காது. அழுத்தி எழுதி, கீழே என் முழுக் கையொப்பத்தையும் போட்டேன்.

அறுவை முடிந்ததும் மயக்க மருத்துவர் ஸ்கேன் திரையைப் பார்த்தபடி இடுப்பு மடிப்பில் ஊசி போட்டார். அன்று முழுவதும் வலியில்லை. தொடையைத் தொட்டால் பக்கத்துப் படுக்கைக்காரியின் காலைத் தொட்டதுபோல் இருந்தது. ஆள் இல்லாமல் நிற்காதீர்கள், கால் தாங்காது என்றார். வலி இல்லாவிட்டாலும் நேரத்துக்கு மாத்திரை போடுங்கள் என்றார். முதலாவதைக் கேட்டேன். மனு வராமல் கோப்பைத் திறக்காத அலுவலகத்தில் முப்பது ஆண்டு உட்கார்ந்த பழக்கம். வலி வரட்டும், பார்க்கலாம் என்று மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன்.

காலையில் ஊசியின் வேகம் இறங்கியது. வலி மனுக் கொடுத்துவிட்டு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோதுதான் ஏழுமலை வந்தான்.

“பாத்தியா, ஊசி வேலையக் காட்டிட்ச்சி.”

“ஊசி அதும் வேலைய ஒயுங்காத்தான் செஞ்சிது. மாத்திரைய முழுங்காதது நானு. தண்ணி குடு.”

நீங்கள் இந்தத் தவறைச் செய்யாதீர்கள். மரப்பு விலகும் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும்.

நடைப்பயிற்சி தருபவர் வந்து என் முகத்தைப் பார்த்தார். நாளைக்கு நிற்கலாம் என்று எழுதப் போனார். எழுதாதீர்கள், இப்போதுதான் மாத்திரை போட்டேன், ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்றேன். வந்தார். முதலில் முட்டியை நீட்டி மடக்கச் சொல்லிக் காலின் பலத்தைப் பார்த்தார். பிறகு வாக்கரைப் பிடித்து எழுந்தேன். வியர்த்தது, தொடை நடுங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நின்றேன். எனக்கு அது போதும்.

சில மாதங்கள் ஆகிவிட்டன. முன்பெல்லாம் காலை நான் நினைத்ததே கிடையாது. அது மேசைக்கடியில் இருக்கும். இப்போது எழும்போதெல்லாம் முதலில் அதன் சம்மதத்தைக் கேட்கிறேன். மூன்று பின்படிகளில் இறங்க மூன்று நிமிடம் ஆகிறது. அந்த மூன்று நிமிடமும் முழுதாக என்னுடையவை.

ஏழுமலை இன்னும் கையை நீட்டிக்கொண்டு ஓடிவருகிறான்.

“நான் கேட்டா புடி,” என்கிறேன்.

கீழ்ப்படியில் காத்து நிற்கிறான்.