ரெக்கார்ட் பிளேயருக்கு ஏர் கன் அடித்தேன்!

வீரபாண்டியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் ஓடுகின்றன; மாடியில் குடியிருக்கிறோம். இந்த ஐம்பது வயதில் எனக்கென்று ஆசைப்பட்டு நானே வாங்கிய ஒரே பொருள் ரெக்கார்ட் பிளேயர்தான்.

பாட்டுக் கேட்டுவிட்டு மூடியைத் திறந்தபடியே விட்டுவிடுவேன். கீழிருந்து பறந்து வந்த பஞ்சு இசைத்தட்டில் படிந்து, ஊசியில் உருண்டு திரண்டது. பாட்டு சளி பிடித்த குரலில் கேட்டது. மிஷினில் பஞ்சை ஊதித் தள்ளும் ஏர் கன்னைக் குழாயோடு மாடிக்கு இழுத்து வந்து ஒரே அழுத்தாக அழுத்தினேன். பஞ்சோடு ஊசியும் பறந்துபோனது.

கணவர் வந்து பார்த்தார். "பஞ்சு பறக்கற ஊருக்கு இதெல்லாம் ஆகாது புள்ள. வித்துப் போடலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, நிட்டிங் மிஷின்ல ஊசி உடைஞ்சா மிஷினையா விக்கறீங்க? ஊசியத்தானுங்களே மாத்தறீங்க!" என்றேன். அவர் கீழே இறங்கிப் போனார்.

மறுநாளே பிளேயரைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு பஸ் ஏறினேன். அங்கே பிளேயர் பழுது பார்க்கும் கடைக்காரர் புது ஊசி மாட்டிவிட்டு, "நல்லவேளைங்க, ஊசியத் தாங்கற கை வளையலீங்க. இனி காத்தடிக்கவே கூடாதுங்க" என்றார்.

இப்போது பாட்டு முடிந்ததும் மூடியை இறக்கி, பஞ்சு விடாத பாலியஸ்டர் உறை போடுகிறேன். ஒவ்வொரு முறையும் இசைத்தட்டையும் ஊசியையும் மெல்லிய பிரஷ்ஷால் துடைக்கிறேன். ஏர் கன்னுக்கு மாடியில் அனுமதி இல்லை. பாட்டுக் கேட்க, கீழே மிஷின் நிற்கட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. அது ஓடும்போதே பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறேன்.