கற்பூரம் ஏற்றிய துப்பாக்கிக் குழல்

முந்தாநாள் கடையில் ஓர் அண்டாவைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தாமோதரனின் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா போய்ட்டாரு. வாங்க." போட்டது போட்டபடி ஓடினேன்.

ஆண்டர்சன்பேட்டையில் உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். பாலகாட் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்தவன். சுரங்கம் மூடியபின் அவனைப் பிடித்த பைத்தியம், திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிகளின் குழல்கள். என் பாத்திரக் கடைக்குப் பழைய இரும்போடு ஒன்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்துவிடுவான். எண்ணெய் விட்டுத் துருவை நீக்கி, இரும்புப் பட்டையைச் சுற்றி அடித்த சாய்வான கோடுகளைத் தேடுவான். பற்றவைக்கும் துளை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பான். வயதை மட்டும் லேசில் சொல்ல மாட்டான். "இதே மாதிரி குழலைத் தாத்தனும் அடிச்சான், பேரனும் அடிச்சான். நான் இன்னா ஜோசியக்காரனா?"

அதற்கெல்லாம் முன்னால், உள்ளே ஏதாவது அடைத்திருக்கிறதா என்று குழலின் வாய்வழியே ஒரு மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பான். வெடி வைத்தும் வெடிக்காத பாறைக் குழியில் மருந்து இன்னும் உயிரோடிருப்பதாகவே நினைக்கும் சுரங்கப் பழக்கம். "எலி புடிக்கிறியா?" என்று நான் கேலி செய்வேன்.

ஓர் ஆயுத பூஜையன்று பங்காருபேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனோம். பரம்பரைக் குழலின் வயதைச் சொல்ல வேண்டும். கோட்டைச் சண்டையில் முழங்கியது என்று வீட்டுப் பெரியவருக்குப் பெருமை. துளையோரம் வெடிமருந்து வைக்கும் சின்னக் கிண்ணத்தில்தான் வருடா வருடம் கற்பூரம் ஏற்றுவார்களாம். குழலின் வாய்க்கு எதிரே பேரப்பிள்ளைகள் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் தீப்பெட்டியை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று தாமோதரன் குச்சியை உள்ளே விட்டான். வெளியே வைத்து அளந்தால், துளைக்கு நாலு விரல் முன்னாலேயே அது நின்றிருந்தது. அவன் முகம் மாறியது, குரல் மாறவில்லை. "பசங்களா, எல்லாம் இந்தப் பக்கம் வாங்க. சாமி இங்கிருந்துதான் நல்லா தெரியும்."

பிறகு குழலில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, உள்ளே இடித்து அடைத்திருந்ததை மெல்ல எடுத்தான். கந்தல் துணி, ஈயக்குண்டு, கருமருந்து. நனையாமல் நடுவில் இருந்த ஒரு சிட்டிகையை வாசலில் வைத்து ஊதுபத்தியால் தொட்டான். புஸ்ஸென்று பற்றி எரிந்தது. இத்தனை காலமும் கற்பூரத்துக்கும் இந்த மருந்துக்கும் நடுவே துளையை அடைத்திருந்தது, எண்ணெயும் குங்குமமும் இறுகிய ஒரு கட்டி, அவ்வளவுதான்.

பெரியவர் தீப்பெட்டியைக் கீழே வைத்தார். "இது எந்தக் காலத்துதுப்பா?" என்று கேட்டார்.

"இன்னி காலைல வரைக்கும் இது பழசே ஆகலீங்க. இனிமேதான் வயசு பாக்கணும்" என்றான்.

நேற்று அவன் தலைமாட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். அங்கே குழலும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனாலும் எதிரே நின்ற பிள்ளைகளை என் கை தானாகவே இந்தப் பக்கம் இழுத்து நிறுத்தியது. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கைதான்.