பத்து மணிக்கு ஏன் மணி அடிக்கிறது

மெதடிஸ்ட் சபை நடத்தும் எங்கள் சிறிய கலைக் கல்லூரியின் வரலாற்று மலர் போன வாரம் என் கைக்கு வந்தது. இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு ரத்தம் கொதித்தது. 'ஆங்கிலேய மரபின்படி வகுப்புகள் பத்து மணிக்குத் தொடங்கின' என்று அச்சடித்திருந்தார்கள்.

எந்த மரபு? நான் அங்கே படித்தவள். விடிந்ததும் கேட்டிலிருந்து கல்லூரி மைதானம் நெடுக நெசவாளர்கள் பட்டுப் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றப்போகும் அந்த நீள இழைகளுக்குக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். பாவைச் சுருட்டி எடுக்கும்வரை மணி அடிப்பதில்லை என்று கல்லூரியைத் தொடங்கிய பாதிரியார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்குப்படிதான் இன்றுவரை நடக்கிறது. மலரில்தான் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மலரைத் தொகுத்த வரலாற்றுப் பேராசிரியரிடம் நேரே போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் போட்டா காலேஜுக்கு ஒரு கெத்தா இருக்காதும்மா," என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. மலரை அவர் மேசைமேல் போட்டேன்.

"தினமும் கேட்டுக்கு வெளியில காரை நிறுத்திக்கினு, பாவு சுருட்டட்டும்னு காத்துக்கினு இருக்கீங்களே சார், அது எந்த வெள்ளைக்காரனுக்காக?"