கால்களால் ஓட்டுகிற வண்டி

ஆயுத பூஜைக்காக எங்கள் லாரி புக்கிங் ஆபீஸைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பழைய டியூப் குவியலுக்குப் பின்னால் என்னுடைய கான்வாஸ் ஷூ கிடைத்தது. மெல்லிய அடிப்பாகம், முனையில் ஓட்டை. எலி ஒன்று அதில் குடும்பமே நடத்தியிருக்கிறது. ஆனாலும் முகர்ந்து பார்த்தேன். எலி நாற்றத்தைத் தாண்டி விமானப் பெட்ரோல் வாசனை லேசாக வந்தது. இத்தனை வருடம் அதெல்லாம் தங்காது, உன் மூக்கு இட்டுக்கட்டுகிறது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும்.

நாமக்கல்காரன் விமானம் ஓட்டப் பழகினேன் என்றால் யாரும் நம்புவதில்லை. முட்டையும் லாரியும் விட்டால் எங்களுக்கு வேறென்ன தெரியும் என்ற நினைப்பு. எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. சேலத்துக்கு மேற்கே ஓடுதளத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இருவர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று. பள்ளி என்பது அவ்வளவுதான். முதல் நாள் செருப்பைக் கீழே கழற்றிப் போட்டுவிட்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். லாரி கேபினில் செருப்புக் காலோடு ஏறினால் அப்பா இறக்கிவிட்டுவிடுவார், அந்தப் பழக்கம். பயிற்சி கொடுத்த ஸ்டெல்லா மேடம் சிரிக்கவில்லை.

"வெறுங்காலோட வேணாம். பெடல் கால்ல தெரியற மாதிரி மெல்லிசா ஒரு ஷூ வாங்கிக்கங்க" என்றார்.

மேடம் சேலம் டவுன்காரர், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகக் கொட்டகைக்கு வந்துவிடுவார். பெரிய விமானக் கம்பெனியில் சேர அவர் பறந்த நேரம் போதவில்லை. அதைச் சேர்க்கத்தான் எங்களைப் போன்றவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாவம்.

மேலே போய்விட்டால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஒரு பக்கம் மேட்டூர் அணைத் தண்ணீர், இன்னொரு பக்கம் பனமரத்துப்பட்டி ஏரி, நடுவே கோழிப்பண்ணைக் கூரைகள் வரிசை வரிசையாக. எதிரே வண்டி வராத சாலையை அப்போதுதான் பார்த்தேன். வம்பெல்லாம் தரையில். தரையில் ஓடும்போது விமானத்தைக் காலால்தான் திருப்ப வேண்டும், வலது பெடலை மிதித்தால் வலப்பக்கம், இடதை மிதித்தால் இடப்பக்கம். கையில் ஸ்டீரிங் மாதிரி ஒன்று இருக்கும், ஆனால் அதைத் திருப்பினால் சக்கரம் திரும்பாது. மீசை முளைக்குமுன் லாரி ஓட்டிய கைக்கு இது எப்படிப் புரியும்? விமானத்தின் மூக்கு கொஞ்சம் விலகினாலும் என் கை அதைப் பிடித்து முறுக்கும்.

"கைய விடுங்க. கால். கால்" என்று மேடத்துக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அப்பாவிடம் சொன்னேன். "ஸ்டீரிங்கத் திருப்பியும் திரும்பாதது என்ன வண்டி சாமி?" என்றார்.

பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாமல் ஒரே ஒரு முறை பறந்து இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லைசென்ஸ், வேலை எல்லாம். அப்படித் தனியாகப் போய் இறங்கியவன் தலையில் மற்ற பையன்கள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நனைந்தார்கள். கொட்டியவன் நான். சிரித்துக்கொண்டேதான் கொட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அழுகை வரும்.

என் முறை ஆடி மாதத்தில் வந்தது. அப்பா எலுமிச்சம்பழத்தோடு வந்து, "ஏனுங்க அம்மணி, டயருக்கு அடியில இத வெக்கலாங்களா?" என்று மேடத்திடம் கேட்டார். வைத்தோம். கடைசியாக ஒருமுறை மேடத்தோடு போய் இறங்க வேண்டும், சரியாக இருந்தால் அவர் இறங்கிக்கொள்வார், நான் தனியே போகலாம். பதமாகத்தான் தரை தொட்டேன். ஆடிக் காற்று மூக்கைத் தள்ளியது. என் இரண்டு கையும் பாய்ந்து முறுக்கின. விமானம் புல்லைப் பார்த்து ஓடியது. மேடம் தன் பெடலை மிதித்துத்தான் திருப்பினார்.

எஞ்சினை அணைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. "காத்து குறையட்டும், இன்னொரு தடவை பாக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

காற்று குறைவதற்குள் பள்ளியை மூடிவிட்டார்கள். எஞ்சினுக்கு ஏதோ பாகம் வர வேண்டும் என்றார்கள். பிறகு அதையும் சொல்ல ஆளில்லை.

கூத்து அதற்குப் பிறகுதான். தொப்பூர் மலை இறக்கத்தில் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய லாரியை ஓட்டி வந்தேன். சரக்கோடு வண்டி இடது பக்கம் இழுத்தது. என் கை சும்மா இருந்தது. வலது கால் அழுத்தி மிதித்தது. பாடம் அன்றைக்குத்தான் காலுக்கு ஏறியிருக்கிறது. லாரியில் வலது காலுக்குக் கீழே இருப்பது ஆக்சிலேட்டர். தடுப்புச் சுவர் இருந்ததால் பிழைத்தோம். அப்பா திட்டவில்லை, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஆபீஸில் போன் எடுக்கிறேன்.

அப்படி எடுத்த ஒரு போனில்தான் அந்த லோடு வந்தது. ஏதோ ஒரு கல்லூரி வாசலில் காட்சிக்கு நிறுத்த எங்கள் விமானத்தை வாங்கியிருந்தார்கள். அப்பாவோடு நானும் போனேன். கொட்டகையில் பாதித் தகரம் இல்லை. தரையில் ஆட்டுப் புழுக்கை. ஸ்டெல்லா மேடம் எங்கோ பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுப்பதாகக் காவல்காரர் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

விமானத்தின் முன்சக்கரத்தில் மாட்டி இழுத்துப்போகும் கம்பி தொலைந்துபோயிருந்தது. பலகை வழியே லாரியில் ஏற்றும்போது முன்சக்கரம் விலகாமல் உள்ளே யாராவது உட்கார்ந்து பிடிக்க வேண்டும். நான் ஏறினேன். லோடுமேன்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். அப்பா முன்னால் நின்று கையைக் காட்டினார்.

"வா... வா... கொஞ்சம் ரைட்ல ஒடி. அப்பிடியே நேரா வா சாமி."

என் கை இரண்டும் மடியிலேயே இருந்தன. கால்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டன. துளி விலகாமல் மேலே ஏறி நின்றது.

"எறங்கு சாமி, கயிறு கட்டோணும்" என்றார் அப்பா.

பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாமல் நான் விமானம் ஓட்டியது அந்த ஒரு முறைதான். இறக்கைகளைக் கழற்றி, காலையிலேயே வேறொரு லாரியில் அனுப்பியிருந்தார்கள்.