அழிக்கச் சொன்ன படம்

எங்கள் ஊறுகாய்க் கடைக்கு அடுத்தது ஃபுசாயே அக்காவின் சலவைக் கடை. ஜப்பானில் கியோத்தோ நகரத்துக் கியோன் பகுதியில் ஆட்டமும் பாட்டும் பயிலும் இளம்பெண்களை மாய்கோ என்போம். அவர்களுடைய கழுத்துப்பட்டியும் வெள்ளைக் காலுறையும் வெளுப்புக்கு அங்கேதான் வரும். கொடுக்க வருகிற பெண்கள் "அக்கா, அக்கா" என்று அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் போவார்கள். அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. அந்தப் பெண்களை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அக்காவுக்குப் பொறுக்காது.

சந்துகளில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்த பிறகு, தெருக்காரர்கள் நாங்கள் முறைபோட்டுக் காவல் நின்றோம். மற்றவர்கள் பலகையைக் காட்டி, தலைகுனிந்து வணங்கி, சுற்றுலாப் பயணிகளை அனுப்பிவைப்போம். அக்கா மட்டும் சிரித்த முகத்தோடு, "குரங்கு பார்க்கணும்னா மிருகக்காட்சி சாலை அந்தப் பக்கம்" என்று நம் ஜப்பானிய மொழியிலேயே சொல்வார். அவர்கள் புரியாமல் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் மதியம், இரண்டு பேர் படத்துக்கு நிற்கச் சொல்லி ஒரு மாய்கோவுடைய அங்கியின் கைப்பகுதியைப் பிடித்து இழுத்ததில் தையல் விட்டுப்போனது. அவள் அழுதுகொண்டே அக்காவின் கடைக்குள் ஓடி வந்தாள். அக்கா தைத்துக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கொதிப்பு அடங்காமலே மாலைக் காவலுக்கு வந்தார்.

அந்த வருஷம்தான் மாய்கோவான சுசுஹனா, ஒரு விருந்தில் ஆடுவதற்காக, தான் தங்கிப் பயிலும் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். எதிர்ச்சுவர் ஓரம், தொப்பியும் முகக்கவசமுமாக ஒரு பெண்மணி. முதுகில் பை. மறைவாக நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அக்கா ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"பலகை கண்ணுல படலையா? எங்கேருந்துதான் வர்றீங்களோ! உன் வீட்டுப் பொண்ணை ஒருத்தி இப்படி ஒளிஞ்சு நின்னு படம் பிடிச்சா சும்மா இருப்பியா? வெக்கமா இல்ல?"

"தப்புதாங்க. மன்னிச்சுக்குங்க." தாழ்ந்த குரலில் நம் மொழியிலேயே பதில் வந்தது. அக்கா அப்போதும் தணியவில்லை.

"அழிங்க. என் கண்ணு முன்னாடி அழிங்க."

ஒரே ஒரு படம்தான் இருந்தது. பாதி கலங்கலாக, சுசுஹனாவின் பக்கவாட்டு முகம். அந்தப் பெண்மணி அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அழித்தார். ஆழக் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். சத்தம் கேட்டு ஒருமுறை திரும்பிய சுசுஹனா, நிற்காமல் நடந்தாள். காவல் நின்றவர்களில் ஒருவர் அக்காவுக்குக் கைதட்டினார்.

மறுநாள் காலை, சுசுஹனாவை அழைத்துக்கொண்டு அவள் தங்கியிருக்கும் வீட்டின் தலைவி சலவைக் கடைக்கு வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. இருவரும் குனிந்து வணங்கினார்கள்.

"நேத்து இவ அம்மாவால உங்களுக்குச் சிரமம். மன்னிக்கணும்."

அக்காவுக்கு விளங்கவில்லை. "எந்த அம்மா?"

"ஓகி தீவுலேருந்து வந்திருக்காங்க. பழகுற காலத்துல வீட்டுக்காரங்க வந்தா பொண்ணு மனசு கலைஞ்சிடும், வராதீங்கன்னு நான்தான் சொல்லியிருந்தேன். யாருக்கும் தெரியாம தூரத்துலேருந்து பார்த்துட்டுப் போயிடலாம்னு வந்தாங்களாம். ராத்திரி ரயில் நிலையத்துலேருந்து போன் போட்டு என்கிட்ட ஒரே அழுகை, பேச்சை மீறிட்டேன்னு."

அக்கா சுசுஹனாவைப் பார்த்தார். "உனக்கு அம்மான்னு தெரிஞ்சுதா?"

"மன்னிச்சுக்குங்கன்னு சொன்னாங்கல்ல, குரல் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"விருந்துக்கு நேரமாச்சு. நீங்க சொன்னதும் சரிதானே அக்கா? அங்க படம் எடுக்கக் கூடாதுல்ல?"

அவள் குரலில் குறையே இல்லை. அதுதான் அக்காவை அடித்துப்போட்டது. அந்த இனிப்பை அவர் தொடவில்லை. "நீங்க தின்னுங்க, எனக்குத் தொண்டையில இறங்காது" என்று எங்கள் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா தொலைபேசி எண்ணை வாங்கி அந்தத் தாயிடம் பேசினார். வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து, "உங்களை அன்னிக்கு அலைக்கழிச்சிட்டேம்மா. இப்படி ஒருத்தர் அந்தத் தெருவுல இருக்கீங்கன்னு தெரிஞ்சதே எனக்குப் பெரிய நிம்மதி" என்று வந்தது. அக்காவால், "அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சா?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. தானே ஒரு படம் எடுத்து அனுப்பட்டுமா என்று வீட்டுத் தலைவியிடமும் கேட்டுப் பார்த்தார். "அவங்களே வேண்டாம்னுட்டாங்க. வசந்தத்துல இவ ஆடுற நாட்டிய விழாவுக்கு வந்து நேர்ல பார்த்துக்கிறாங்களாம்."

காவலை அக்கா விடவில்லை. இப்போதும் ஆட்களை நிறுத்துகிறார். ஆனால் முதலில் பக்கத்தில் போய், "யாரையாவது பார்க்க வந்தீங்களா?" என்று கேட்கிறார். வெளிநாட்டார் திருதிருவென்று விழிப்பார்கள். அக்கா பொறுமையாகப் பலகையைக் காட்டுவார். எங்களுக்கும் சிரிக்கத் தோன்றுவதில்லை.

வசந்தத்தில் அந்தத் தாய் வந்தார். நாட்டியம் பார்த்துவிட்டு, கையில் உலர்ந்த கணவாய் மீன் பொட்டலத்தோடு சலவைக் கடையைத் தேடி வந்தார். தெருமுனையிலேயே பார்த்துவிட்ட அக்கா, உள்ளே தொங்கிய துணிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வெளியே போயிருப்பதாகச் சொல்லி நான்தான் பொட்டலத்தை வாங்கினேன்.

"போயிட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போயிட்டாங்க."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"சந்தோஷமா இருந்தாங்கக்கா."

அக்கா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.